முதல் ரைஃபிளுக்கு என்ன கருவிகள் வாங்குவது?

டெக்சஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிரீன் கார்டு வந்த பிறகு, மான் வேட்டைக்கென்று, ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் .308 அளவு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்துவது, தோளில் தாங்கும் கட்டையை மாற்றுவது, சீசன் முடிந்ததும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது எல்லாவற்றையும் வீட்டு கராஜிலேயே தன் கையால் செய்ய ஆசைப்படுகிறார். 120 துண்டுகள் கொண்ட பெட்டி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது, அதை வாங்கலாமா, அல்லது ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்க வேண்டுமா, நல்ல கருவி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார். பார்த்தால் பட்டியல் கேட்கும் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "புதுத் துப்பாக்கியில் கீறல் விழுந்துவிடுமோ என்று திருப்புளியை வைக்கவே பயமாக இருக்கிறது." அவர் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கீறல் விழாமல், திருகின் தலை சிதையாமல், மரை போகாமல் இந்த வேலைகளைச் செய்யக் கையில் என்ன இருக்க வேண்டும்?

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எந்த அளவுக்கு என் பேச்சை நம்பலாம் என்பது உங்களுக்குத் தெரியட்டும். நான் உரிமம் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இல்லை. திருச்சியில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன். துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிற ஊர்தான், ஆனால் நான் அதற்குள் வேலை பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் டூல் ரூமில் சில வருடம், அப்புறம் மிச்சிகனில் அதே வேலை. இங்கே வந்த பிறகுதான் வேட்டையும் ரைஃபிளும் பழக்கமாயின. என்னுடையதை மட்டும் நானே கழற்றிப் பூட்டுகிறேன், பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. திருகு, பின், அரம், வைஸ் பற்றி நான் சொல்வது தொழிலில் கற்றது. பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, கடைசலில் பிடித்துத் தோட்டா உட்காரும் சேம்பரை வெட்டுவது, டிரிகரின் உள்வேலை இரண்டையும் நான் செய்ததில்லை, அதனால் அவற்றுக்குக் கருவி சொல்ல மாட்டேன். கைத்துப்பாக்கிகளும் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

கருவிக்கு முன்னால் இரண்டு விஷயம். மேசையில் வைக்கும் ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை மேகஸினைப் பார்த்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேலை பாதியில் எழுந்து போய்த் திரும்பி வந்தாலும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். இரண்டாவது, சட்டம். அமெரிக்காவில் உங்கள் சொந்த ரைஃபிளை நீங்களே பிரித்துப் பூட்டக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. அடுத்தவர் துப்பாக்கியைக் காசுக்குப் பழுதுபார்ப்பதைத் தொழிலாக ஆரம்பித்தால் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் தனி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது, நண்பர் கூப்பிட்டார் என்று போய்ச் சிக்கிக்கொள்ளாதீர்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே உரிமத்துக்கு உட்பட்ட வேலையாக வைத்திருக்கிறது. அங்கே இதை வீட்டில் முயல வேண்டாம்.

சரி, கருவிக்கு வருவோம். வீட்டில் ரைஃபிளுக்கு நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு ஒரே கருவியால் வருகிறது. அது திருப்புளி. நம் சமையலறை இழுப்பறையில் கிடக்கும் சாதாரண தட்டைத் திருப்புளியைப் பக்கவாட்டில் பாருங்கள். நுனி மெல்லியதாக ஆரம்பித்து மேலே போகப் போகத் தடிக்கும், ஆப்பு மாதிரி. திருகின் தலையில் இருக்கும் பள்ளமோ நேர்ச்சுவர் உள்ளது. ஆப்பை நேர்ச்சுவருக்குள் இறக்கினால் எங்கே தொடும்? பள்ளத்தின் மேல் உதட்டில் மட்டும் தொடும். அடியில் காற்றுதான் இருக்கும். திருப்ப ஆரம்பித்ததும் முழு விசையும் அந்த மெல்லிய உதட்டில் விழுகிறது. ஆப்பின் சரிவு திருப்புளியை மேல்நோக்கி நழுவச் செய்கிறது. உதடு மழுங்கும், நுனி எகிறும், எகிறிய நுனி பக்கத்தில் இருக்கும் கருநீல மெருகின் மேல் ஓடும். நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்திப் பிடித்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் தப்பு கையில் இல்லை, நுனியின் வடிவத்தில் இருக்கிறது.

துப்பாக்கி வேலைக்கென்று செய்த திருப்புளியின் நுனி இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அதனால் கடைசிச் சில மில்லிமீட்டர் இரு முகங்களும் இணையாக நிற்கும். பள்ளத்தின் அடிவரை போய், சுவர் முழுவதையும் தொட்டுக்கொண்டு உட்காரும். இங்கே இதை 'ஹாலோ கிரவுண்ட்' என்பார்கள். வடிவம் மட்டும் போதாது, அளவும் சேர வேண்டும். நுனியின் தடிமன் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அகலம் திருகுத் தலையின் விட்டத்துக்குச் சமமாகவோ மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும். அகலம் கூடினால் சுற்றியிருக்கும் இரும்பையோ மரத்தையோ வட்டமாகக் கீறும். குறைந்தால் பள்ளத்தின் ஓரம் தாங்காது. எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. திருகின் தலை மேலே பார்க்கும்படி ரைஃபிளை அசையாமல் வைத்து, பிட்டை (கைப்பிடியில் மாட்டும் தனி நுனியை) பள்ளத்தில் நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். பிட் தானாகவே நேராக நின்றால் அது சேர்ந்த பிட். சாய்ந்து விழுந்தால் அடுத்த அளவைத் தேடுங்கள். விரல் நகத்தால் தட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்பது காதுக்கே தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் முதல் ரைஃபிள் பழைய வின்செஸ்டர் மாடல் 70, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விலைக்கு வாங்கியது. அவர் ஐம்பது வருடம் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தது. ரைஃபிளின் இரும்புப் பாகமான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்க அடியில் இருக்கும் மூன்று ஆக்‌ஷன் திருகுகளில் முன்திருகு இறுகியிருந்தது. டூல் ரூமில் வேலை பார்க்கிறவன்தானே என்ற தைரியத்தில், கையில் கிடைத்த நல்ல கம்பெனித் திருப்புளியை வைத்துத் திருகினேன். தரமான எஃகுதான், ஆனால் ஆப்பு நுனி. இரண்டாவது திருப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் திருகின் உதட்டில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு பிசிறு, பக்கத்தில் இருக்கும் அடித்தகட்டில் இரண்டு சென்டிமீட்டருக்குப் பளீரென்று ஒரு கோடு. அந்தக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் பள்ளத்தோடு சேராத நுனி கெட்ட கருவிதான் என்பது அன்று உறைத்தது.

எதை வாங்குவது? அயோவாவில் 1939 முதல் இருக்கும் பிரவுனெல்ஸ் கடையின் மேக்னா-டிப் செட் இங்கே கன்ஸ்மித்கள் மேசையில் அதிகம் பார்ப்பது. ஒரு கைப்பிடி, அதில் மாற்றிப் போடும் பிட்கள். ஒரே அகலத்தில் வெவ்வேறு தடிமன் கிடைக்கும், அதுதான் அதன் சிறப்பு. கனெக்டிகட்டில் செய்யும் சாப்மன் செட் சின்னது, சிக்கனமானது, சின்ன ராச்செட்டோடு வரும். வேட்டைப் பையில் போட நான் வைத்திருப்பது அது. மரக் கைப்பிடியோடு முழுத் திருப்புளியாக வேண்டுமென்றால் மிச்சிகனின் கிரேஸ் நல்லது. முதலில் சின்ன செட் ஒன்று வாங்கி, உங்கள் ரைஃபிளின் திருகுகளுக்கு எது சேருகிறது என்று பார்த்து, சேராத அளவை மட்டும் தனிப் பிட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பிட் தேய்ந்தால் தூக்கிப் போடலாம், அதற்காகவே செய்தது. பழைய ரைஃபிள்களில், முக்கியமாக பிரிட்டிஷ், ஐரோப்பியத் துப்பாக்கிகளில், பள்ளம் மிக மெல்லியதாக இருக்கும். அப்போது கொஞ்சம் தடித்த பிட்டை வாங்கி எண்ணெய்க்கல்லில் இரு பக்கமும் தேய்த்துச் சேரவைப்பது வழக்கம். நல்ல பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் எல்லாத் திருகுப் பள்ளங்களும் பேரலின் திசையிலேயே நேராக நிற்கும். அவ்வளவு பொறுமையாகச் செய்திருப்பார்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

உங்கள் புது ரைஃபிளில் தட்டைப் பள்ளத் திருகு அநேகமாகக் குறைவாகவே இருக்கும். அறுகோணப் பள்ளம் கொண்ட ஆலன் தலையும் நட்சத்திரப் பள்ளம் கொண்ட டார்க்ஸ் தலையும்தான் இப்போது அதிகம். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங், அந்த ரிங்கை ரைஃபிளில் தாங்கும் பேஸ், இவற்றின் திருகுகளில் டி15 என்ற டார்க்ஸ் அளவு பரவலாகக் காணப்படுகிறது. இங்கும் அதே கதைதான். ரிங்கோடு பெட்டியில் இலவசமாக வரும் எல் வடிவச் சாவியின் முனைகள் பெரும்பாலும் மழுங்கலாக, அளவில் ஒரு பொடி குறைவாக இருக்கும். போண்டஸ், வீகா, வேரா இவற்றில் எதையாவது வாங்குங்கள், ஆயுசுக்கும் வரும். உருண்டை முனை உள்ள ஆலன் சாவி சாய்வாக நுழைக்க வசதி, ஆனால் கடைசி இறுக்கத்துக்கு நேர்முனையைத்தான் பயன்படுத்த வேண்டும். இறுக்கும் முன் பள்ளத்துக்குள் அடைந்திருக்கும் பசை, மெழுகு, தூசியை ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். பிட் அடிவரை இறங்காததால் கெட்ட தலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முக்கியமான செலவு, திருகை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். இதைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். ஸ்கோப் பேஸைப் பிடிக்கும் திருகு பெரும்பாலான அமெரிக்கப் போல்ட் ரைஃபிள்களில் 6-48 என்ற அளவு. விட்டம் 3.5 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 48 மரை. பென்சில் முனையைவிடச் சற்றே தடித்த திருகு அது. அதைக் கையால் 'நன்றாக' இறுக்கினால் மரை உரியும் அல்லது தலை முறியும், அதே திருகைப் பயந்து பயந்து இறுக்கினால் இருபது குண்டுக்குள் ஸ்கோப் ஆடும். கை அளவுக்கும் சரியான அளவுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. முப்பது வருடம் திருகு பூட்டிய கைக்கும் தெரியாது. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு 20 இஞ்ச்-பவுண்ட் (இறுக்கத்தை அளக்கும் அலகு) என்று நினைத்து இறுக்கியதை அளந்தால் ஒருமுறை 13, ஒருமுறை 29.

இஞ்ச்-பவுண்டுக்கும் ஃபுட்-பவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 12 இஞ்ச்-பவுண்ட்தான் 1 ஃபுட்-பவுண்ட். கார் சக்கரத்துக்கு வைத்திருக்கும் ரெஞ்ச் ஃபுட்-பவுண்டில் அளப்பது, அதை ஸ்கோப் பக்கமே கொண்டுவரக் கூடாது. உங்களுக்கு வேண்டியது சுமார் 10 முதல் 65 இஞ்ச்-பவுண்ட் வரை அளக்கும் திருப்புளி வடிவ ரெஞ்ச். வீலர் கம்பெனியின் ஃபேட் ரெஞ்ச் சரியாக அந்த எல்லையில் வேலை செய்யும், விலையும் கட்டுப்படியாகும். ஃபிக்ஸ் இட் ஸ்டிக்ஸ் என்பதில் 15, 25, 45, 65 என்று நிலையான அளவில் தனித்தனி முனைகள் வரும். தப்பான எண்ணில் திருப்பி வைக்கும் தவறுக்கு அதில் இடமில்லை. வேலை முடிந்ததும் சுருள்வில் உள்ள ரெஞ்சைக் கீழளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்று கேட்பீர்கள். பொதுவாகப் புழங்கும் அளவுகள்: ரிங்கின் மேல்மூடித் திருகு 15 முதல் 20, பிக்கட்டினி ரயிலை (குறுக்கே வெட்டுகள் உள்ள நீண்ட பேஸ்) பிடிக்கும் குறுக்கு நட்டு 65 வரை, ஆக்‌ஷன் திருகு மரக்கட்டை அல்லது சாதாரணப் பிளாஸ்டிக் கட்டைக்கு 40 முதல் 45, அலுமினியத் தாங்கி உள்ள கட்டைக்கு 65, எல்லாம் இஞ்ச்-பவுண்ட். ஆனால் இவை கட்டாய விதி இல்லை. உங்கள் ரிங், ஸ்கோப், கட்டை செய்தவர்கள் கொடுத்திருக்கும் எண்தான் முதல், அது கிடைக்காவிட்டால் மட்டும் இவை. இந்த எண்கள் பெரும்பாலும் உலர்ந்த மரைக்குச் சொல்லப்படுபவை. மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் திருகு அதிகமாக இழுபடும். எனவே முதலில் கரைப்பான் தொட்ட பஞ்சால் மரையைத் துடைத்துவிடுங்கள். பழைய மாடல் 70 போல மூன்று ஆக்‌ஷன் திருகு உள்ள ரைஃபிளில் நடுத் திருகை மட்டும் தொட்டும் தொடாமல் இறுக்க வேண்டும். அதை முறுக்கினால் ஆக்‌ஷன் வளைந்து குறி மாறும். இதை நான் என் ரைஃபிளிலேயே பார்த்திருக்கிறேன்.

மரைப் பசை பற்றி ஒரு வார்த்தை. பேஸ் திருகில் நீல லாக்டைட் ஒரு சொட்டு போடலாம், கைக் கருவியால் கழற்ற வரும். சிவப்பு வேண்டாம், அது கழல ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸ் சூடு கேட்கும். யாரோ சிவப்பு போட்டுவிட்ட திருகு உங்களிடம் வந்தால், சால்டரிங் அயர்னின் சூடான முனையைத் திருகின் தலையில் மட்டும் சில நிமிடம் வைத்து, சூடு இறங்கும் முன்பே சேர்ந்த பிட்டால் திருப்புங்கள். தீச்சுடர் வேண்டாம், மெருகும் போகும், சுற்றியிருக்கும் எஃகின் பதமும் போகும். ரிங்கின் மேல்மூடித் திருகுக்குப் பசை போடலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. பசையும் எண்ணெய் போல வழுக்கி இறுக்கத்தைக் கூட்டும் என்பதால் நான் போடுவதில்லை. பதிலாக, இறுக்கி முடித்ததும் திருகின் தலைக்கும் ரிங்குக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவேன். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

ஸ்கோப்பை நேராக நிறுத்த விலை உயர்ந்த கருவிகள் நிறைய விற்கிறார்கள். எனக்கு இன்னும் கைகொடுப்பது கொத்தனாரின் தூக்குக்குண்டுதான். வெளிச்சமான நாளில் வேலியிலோ மரக்கிளையிலோ ஒரு வெள்ளைக் கயிற்றைக் கட்டி, அடியில் கனமாக எதையாவது தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் 25 கஜத்திலிருந்து போல்ட் கழற்றிய ரைஃபிளின் ஸ்கோப் வழியே பாருங்கள். ரைஃபிளைச் சின்ன மட்டக்கோல் வைத்துச் சமன் செய்து, குறுக்குக் கம்பியின் செங்குத்துக் கோடு கயிற்றின்மேல் படியும்வரை ஸ்கோப்பை ரிங்குக்குள் உருட்டுங்கள். அப்புறம் திருகுகளைக் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றையும் கால் திருப்பு வீதம், இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் தானாக உருண்டுவிடும். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் இதைத் திறந்தவெளியில் செய்ய வேண்டாம், பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். உள்ளேயே சுவரில் கயிற்றைத் தொங்கவிட்டுச் செய்யலாம், ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்தால் போதும்.

பின்களைத் தட்டி வெளியே எடுக்கும் பஞ்ச் என்ற உளி போன்ற கருவியும் சுத்தியலும் உங்கள் ரைஃபிளுக்கு உடனே தேவைப்படாது. போல்ட் ரைஃபிளில் பின்கள் குறைவு, இருப்பவற்றிலும் பாதி டிரிகருக்குள் இருக்கின்றன, அதைத் தொடப் போவதில்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கம்பிப் பின்னுக்குத் தட்டை முக பஞ்ச். சுருட்டிய தகடு போல நடுவில் ஓட்டை உள்ள ரோல் பின்னுக்கு, முகத்தின் நடுவே சின்னக் குமிழ் உள்ள தனி பஞ்ச். அந்தக் குமிழ் ஓட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு பஞ்ச் நழுவாமல் பிடிக்கும், பின்னின் விளிம்பும் உள்பக்கம் மடங்காது. ஸ்டாரெட், மேஹ்யூ இரண்டும் இதில் நம்பகமானவை. 1/16, 3/32, 1/8 அங்குலம் மூன்று இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். கூம்பு பஞ்ச் இறுகிய பின்னை முதலில் அசைத்துவிட மட்டும். அதைத் தொடர்ந்து அடித்தால் துளைக்குள் ஆப்பாக இறுகும். சுத்தியல் 4 அவுன்ஸ் போதும், ஒரு முகம் பித்தளை, மறுமுகம் நைலான். நைலான் தடம் விடாது, பித்தளை மஞ்சள் தடம் விட்டாலும் துடைத்தால் போய்விடும். ஏ.ஆர்.-15 என்ற அரைத்தானியங்கி ரைஃபிளைப் பூட்டுகிறவர்களுக்கு இதே பஞ்ச் செட் முதல் நாளே வேண்டும். டிரிகர் காப்பின் ரோல் பின்னை அடிக்கும்போது லோயர் ரிசீவர் என்ற கீழ்ப்பாகத்தின் காதுகளுக்கு அடியில் மரத்துண்டு முட்டுக்கொடுக்காமல் அடித்தால், அலுமினியக் காது ஒடியும். ஒடிந்தால் அதைச் சேர்க்க வழியில்லை. அந்தத் துப்பாக்கியில் எனக்கு அதற்கு மேல் அனுபவமில்லை.

வைஸ் கனமாக இருந்தால் நல்லது, அதைவிடத் தாடைகளுக்கு என்ன உறை போடுகிறீர்கள் என்பது முக்கியம். இரும்புத் தாடையில் நேராகப் பேரலை வைத்து இறுக்கவே கூடாது. தோல் ஒட்டிய மரத்துண்டு இரண்டு நீங்களே செய்துகொள்ளலாம். ஸ்கோப் வேலைக்குத் தொட்டில் மாதிரி ரைஃபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி போதும், விலை குறைவு. அதைப் பிடித்துக்கொண்டு பெரிய விசை கொடுக்காதீர்கள், அதற்காகச் செய்ததல்ல.

அரம் வாங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. ஐ.டி.ஐ.யில் முதல் மூன்று மாதம் எங்களுக்கு இரும்புக் கட்டியைச் சதுரமாக அராவுவதுதான் வேலை. மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் மாஸ்டர், இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் கட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசு கொடுப்பார். அரம் எடுத்தது திரும்ப வராது என்பதை அப்படித்தான் கையில் ஏற்றினார்கள். ரைஃபிளில் ஏதோ ஒன்று சேரவில்லை, கொஞ்சம் அராவினால் சேரும் என்று தோன்றும் நேரத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. சேரவில்லை என்றால் தப்பான பாகமாக இருக்கலாம், தப்பாகப் பூட்டியிருக்கலாம், அழுக்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

துடைக்கும் கம்பியையும் கருவியாகவே நினைத்து வாங்குங்கள். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி வேண்டாம். இணைப்பில் விளிம்பு இருக்கும், மென்மையான அலுமினியத்தில் மண்துகள் பதிந்து பேரலின் உள்ளே உப்புத்தாள் மாதிரி உராயும். உறை போட்ட ஒற்றைத்துண்டு எஃகுக் கம்பியோ கார்பன் ஃபைபர் கம்பியோ, கைப்பிடி தாங்குருளையில் (பேரிங்கில்) சுழல்வதாக வாங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பியை நடுவில் பிடிக்கும் வழிகாட்டிக் குழாயைச் செருகி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் துடைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது பேரலின் வாய்விளிம்பு. அதைக் கம்பியால் உராய்ந்து கெடுத்தால் நல்ல ரைஃபிளும் குறி தவறும். ரைஃபிளுக்காகச் செலவழிக்கும் காசில் இந்தக் கம்பிதான் அதிக நாள் உழைப்பது.

இதுவரை சொன்னவற்றில் திருப்புளி நுனி, முறுக்கு அளவு, கம்பி மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கோப் ரிங்குகளின் உள்வட்டத்தைத் தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துச் சமன்செய்யும் வேலை வேண்டுமா என்பதில் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நல்ல ரிங்குகளுக்குத் தேவையில்லை என்று ரிங் செய்பவர்கள் பலர் சொல்கிறார்கள், தேய்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். மலிவான ரிங்கில் நான் செய்து பார்த்ததில் ஸ்கோப் குழாயில் தடம் விழுவது குறைந்தது, குறி மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆக்‌ஷன் திருகில் முன்னதை முதலில் இறுக்குவதா பின்னதையா என்பதும் அப்படித்தான். நான் முன்னதை முதலில் இறுக்குகிறேன். எந்த வரிசை என்றாலும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்தால் குறி பெரிதாக மாறுவதில்லை.

டிரிகர், பேரல் இரண்டையும் நல்ல கன்ஸ்மித்திடம் கொடுங்கள். டிரிகரில் கொக்கி பிடிக்கும் முகம் மிகச் சின்னது. அதை எண்ணெய்க்கல்லில் இரண்டு இழுப்பு அதிகமாகத் தேய்த்தால் போல்ட்டைச் சாத்தும்போதே சுட்டுவிடும். இழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால் முழு டிரிகராக மாற்றலாம், அல்லது செய்தவர்களே வைத்திருக்கும் சரிசெய்யும் திருகை அவர்கள் சொன்ன எல்லைக்குள் திருப்பலாம். பேரல் மாற்றினால் தோட்டா உட்காரும் இடத்தின் நீளத்தைக் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும், .308-க்கு 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634. இடைவெளி வெறும் ஆயிரத்தில் நான்கு பங்கு அங்குலம். முன்னதில் போல்ட் சாத்த வேண்டும், பின்னதில் சாத்தக் கூடாது. தவறினால் தோட்டாக்கூடு முகத்துக்கு அருகே வெடிக்கக்கூடும். 1958-இல் வந்த சாவேஜ் 110 போன்ற, பேரலை நட்டால் பூட்டும் ரைஃபிளில் வீட்டிலேயே பேரல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ரைஃபிளில் அதை ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போது அந்த 120 துண்டுப் பெட்டி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டை பிட்களின் பக்கவாட்டுப் படம் எங்கும் இல்லை, எஃகின் கடினம் பற்றிப் பேச்சில்லை, அதில் பாதி உங்கள் ரைஃபிளில் இல்லவே இல்லாத தலைகள். வாங்காதீர்கள். சின்ன ஹாலோ கிரவுண்ட் பிட் செட், டி15-உம் சரியான ஆலன் முனைகளும், இஞ்ச்-பவுண்ட் ரெஞ்ச், ரைஃபிள் தாங்கி, ஒற்றைத்துண்டுக் கம்பியும் வழிகாட்டிக் குழாயும், கண்ணாடி. என் கணக்கில் 250 முதல் 300 டாலருக்குள் அடங்கும். பாதுகாப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள், போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில் ஒருமுறை கையிலிருந்து தப்பினால் போதும். இந்தக் கருவிகள் வருவதற்குள், உங்கள் ரைஃபிளின் ஒவ்வொரு திருகுத் தலையையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து, மாடல் பெயரோடு இங்கேயே போடுங்கள். எதற்கு எந்த பிட் என்று பார்த்துச் சொல்கிறேன்.